கடல் நடுவே ஒரு சாப்பாட்டுக் கடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் பேச்சுவாக்கில் ஜமைக்காவின் பெலிக்கன் பார் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். தபாலில் வந்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு கரீபியன் தீவுச் சாப்பாடு மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் ராயபுரத்துக்காரன். மயாமியிலிருந்து அந்தத் தீவுகளுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்களில் சமையல்காரனாகக் காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரம்மாவை அழைத்துக்கொண்டு விடுமுறைக்காக மறுபடியும் அங்கே போனேன். கப்பலில் இருந்த காலமெல்லாம் துறைமுக வாசலைத் தாண்டி நான் எதையும் பெரிதாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கே: கடலுக்கு நடுவில் மரப்பலகைக் கடையில் மீன் சாப்பிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே கடலுக்குள்ளா? அலை அடித்துக்கொண்டு போகாதா? (வாசகர், சேலம்)

ப: நிஜமாகவே கடலுக்குள்தான். அலை அடித்துக்கொண்டும் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜமைக்காவின் தென்மேற்கில் செயின்ட் எலிசபெத் என்ற பகுதி. அங்கே பரோட்டி கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி ஒரு மணல்திட்டு இருக்கிறது. தண்ணீர் ஆழமில்லை. பெலிக்கன் பறவைகள், அதாவது நம் கூழைக்கடாவின் உறவுக்காரர்கள், வந்து உட்காரும் இடம். ஃபிளாய்ட் ஃபோர்ப்ஸ் என்ற மீனவர் 2001-இல் அந்தத் திட்டின்மேல் கழிகளை நட்டு, கிடைத்த மரத்தையும் பலகையையும் அடித்து, மேலே ஓலை போட்டு ஒரு பரண் கட்டினார். இப்படி ஒரு இடம் தன் கனவில் வந்தது என்பது அவர் சொல்லும் கதை. கடலுக்குப் போய்த் திரும்பும் மீனவர்கள் உட்கார்ந்து ஒரு பியர் குடிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் முதல் எண்ணம். சுற்றுலாக்காரர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

நாங்கள் ட்ரெஷர் பீச்சிலிருந்து படகில் போனோம். கிட்டே நெருங்கியதும் வீட்டுக்காரம்மா ஏணியில் கால் வைக்கவில்லை. நட்ட கழிகளில் ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்று கிழக்கே பார்க்கிறது, இன்னொன்று மேற்கே. "இதைக் கட்டினது கொத்தனாரா, மீன்காரரா?" என்று கேட்டார். மீன்காரர் என்றேன். "அப்போ சரி" என்று ஏறிவிட்டார். கட்டுமரத்துக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், முடிச்சைப் பார்த்தால் தெரியுமாம்.

உள்ளே போனால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. தரைப்பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடுக்கு, அதன் வழியாகப் பச்சைத் தண்ணீர் தெரிகிறது. வந்துபோனவர்கள் பலகைகளில் தங்கள் பெயரைக் கத்தியால் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுவரென்று பெயருக்கு இருக்கும் இடங்களில் கார் நம்பர் பிளேட்டுகள், கொடிகள், பழைய டீ-ஷர்ட்டுகள். ஒரு மூலையில் ஐஸ்பெட்டி, ஒரு மூலையில் அடுப்பு, நடுவில் டாமினோ ஆடுகிறவர்கள். ஜமைக்காவில் டாமினோ கட்டையை மேசைமேல் வைக்கமாட்டார்கள், அறைவார்கள். பரணே அதிர்கிறது.

மெனு கார்டு கிடையாது. கரையில் இருக்கும்போதே படகுக்காரரிடம் மீனா சிங்கி இறாலா என்று சொல்லிவிட வேண்டும், அவர் போனில் சொல்லிவிடுவார். நாங்கள் போய்ச் சேர்ந்து, தண்ணீரில் இறங்கி நின்று, பக்கத்தில் போன திருக்கை ஒன்றைப் பார்த்து வீட்டுக்காரம்மா மறுபடி மேலேறி உட்கார்ந்தபின், ஒரு பிளாஸ்டிக் வாளியில் எங்கள் மீன் வந்தது. சங்கரா ஜாதி. வீட்டுக்காரம்மா எழுந்துபோய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அடுப்படியில் நின்றவர் சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பிப் பிடித்து மறுபக்கச் செவுளையும் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

தட்டில் வந்தது முழு மீன், மேலே வினிகரில் ஊறிய வெங்காயமும் கேரட்டும் மிளகாயும். பக்கத்தில் பாமி. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, வட்டமாகத் தட்டிச் சுட்டது. சாப்பிடும் முன் தேங்காய்ப்பாலில் நனைத்துப் பொரித்துத் தருகிறார்கள். கொலம்பஸ் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் இருந்த தைனோ மக்களின் உணவு அது. பெரிய ஓட்டல்களில் இதையே காய்ந்த அட்டையாகத் தருவார்கள். இங்கே வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. மீன் முள்ளை இடுக்கு வழியாகக் கீழே போட்டால் பொடிமீன்கள் மொய்க்கின்றன, எச்சில் இலை எடுக்க ஆள் தேவையில்லை.

இதை வெளியூர்க்காரர்கள் விசித்திரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெனு இல்லாதது ஏன்? அன்றைக்கு என்ன மாட்டும் என்று கடலுக்குத்தான் தெரியும். முன்கூட்டிச் சொல்லச் சொல்வது ஏன்? கரண்டு கம்பி அங்கே வராது, வாங்கி அடுக்கிவைக்க முடியாது. கழி கோணலாக இருப்பது ஏன்? எப்படியும் அடுத்த புயலில் போகப்போவதற்கு யார் ரசமட்டம் வைத்துக் கட்டுவார்கள்?

புயல்: 2004-இல் ஐவன் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் கைகொடுக்க, ஃபிளாய்ட் மறுபடி கட்டினார். 2024 ஜூலையில் பெரில் வந்து மறுபடி வாரியது. மறுபடி கட்டினார்கள். 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா புயல் கரையேறியதே அந்தத் தென்மேற்கு மூலையில்தான். பக்கத்து ஊரான பிளாக் ரிவர் நொறுங்கிப்போனது. ஆகவே சேலத்து நண்பரே, போகும் எண்ணம் இருந்தால் ட்ரெஷர் பீச் படகுக்காரர்களிடம் பேசிவிட்டு டிக்கெட் போடுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் காற்று ஏறும்.

கே: கப்பல் சாப்பாடு, பெலிக்கன் பார் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடு: எது உசத்தி? (வாசகர், விருதுநகர்)

ப: இந்தப் பத்திரிகையை வீட்டில் என்னைவிட முன்னால் படிப்பவர் ஒருவர் இருக்கிறார். வீட்டுச் சாப்பாடு.

கே: டொரன்டோவில் இருக்கும் மகன் எங்களை ஜமைக்காவுக்கு அழைத்துப்போகிறேன் என்கிறான். என் கணவர் முட்டைகூடத் தொடமாட்டார். கூடவே அரிசி, பருப்பு, குக்கர் எடுத்துப்போக வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

ப: குக்கரை வீட்டிலேயே வையுங்கள், அம்மா. உங்கள் கணவரை ரஸ்தாக்காரர்கள் கடைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

ரஸ்தஃபாரி மார்க்கத்தைப் பின்பற்றுபவர்கள் ஜமைக்காவில் நிறைய. அவர்கள் சாப்பாட்டுக்கு ஐட்டல் என்று பெயர். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சியும் உப்பும் சேர்ப்பதில்லை, டப்பாச் சரக்கும் கிடையாது. தேங்காய்ப்பால், பூசணி, கிழங்கு, பயறு, தைம் இலை, இதெல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். கடையென்றால் பெரும்பாலும் ஒரு தகரக் கொட்டகைதான், சிவப்பு மஞ்சள் பச்சை வண்ணம் அடித்திருக்கும். சாப்பாட்டைச் சுரைக்குடுக்கையில் தருபவர்களும் உண்டு. உப்பில்லாமல் இறங்காது என்றால் கணவர் பாக்கெட்டில் ஒரு சிறு பொட்டலம் உப்பு இருக்கட்டும். சமைத்தவர் முன்னால் பிரிக்க வேண்டாம்.

ஜமைக்காவில் கலலூ என்று காலையில் தருவார்கள். பார்த்ததும் உங்களுக்கு அடையாளம் தெரியும். நம் முளைக்கீரை, குப்பைக்கீரை ஜாதிதான். வெங்காயம், தக்காளி போட்டு வதக்கியிருப்பார்கள். ஆனால் உப்புக்கருவாடு போட்டு வதக்குவதும் வழக்கம், எனவே வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். 'ரைஸ் அண்ட் பீஸ்' என்பது தேங்காய்ப்பாலில் வேகவைத்த சாதமும் ராஜ்மாவும். கிறிஸ்துமஸ் சமயம் போனால் ராஜ்மாவுக்குப் பதில் பச்சைத் துவரை போடுவார்கள், அதை விடாதீர்கள். சிலர் சுவைக்காக உப்பிட்ட பன்றிவாலையும் பானையில் போடுவதுண்டு. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீனைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கோழி வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஈரப்பலா சாப்பிட்டிருப்பீர்கள். நம்மூரில் பொரியலோ கூட்டோ செய்வோம். அங்கே முழுக்காயை அப்படியே தணலில் போட்டுத் தோல் கருகும்வரை சுடுகிறார்கள். தோலைச் சீவினால் உள்ளே வெண்மஞ்சள் சதை, லேசான புகை வாசனை. வெண்ணெய் தடவித் தருவார்கள். கேப்டன் பிளை என்ற ஆங்கிலேயர் 1793-இல் தஹிதித் தீவுப் பக்கமிருந்து கப்பலில் ஏற்றிவந்த கன்றுகள், கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடக் கொண்டுவந்தவை. அடிமைகள் ஆரம்பத்தில் அதைத் தொடவில்லை. யார் போட்டது என்பதும் ருசியில் சேரும் அல்லவா? இன்று அது இல்லாமல் அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியாது.

ஒரு ஊறுகாய் பாட்டிலை மட்டும் சீல் பிரிக்காமல் எடுத்துப்போங்கள். தாம்பத்திய அமைதிக்கு.

கே: அக்கீ என்ற பழம் விஷம் என்று படித்தேன். அதைப்போய் ஜமைக்காவின் தேசியப் பழம் என்கிறார்களே? (வாசகர், கோவில்பட்டி)

ப: பழுக்காததுதான் விஷம். ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு, ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிடும், வாந்தி நிற்காது, உயிரே போகலாம். காய் மரத்திலேயே தானாக வாய் பிளந்த பிறகு பறித்து, கறுப்பு விதையையும் சிவப்பு நாரையும் நீக்கி, மஞ்சள் சதையை மட்டும் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஊர்க்காரப் பெண்களுக்கு இது கைவந்த வேலை. அமெரிக்கா 1973-இல் இறக்குமதிக்குத் தடை போட்டு 2000-இல்தான் தளர்த்தியது. வெந்த பிறகு பார்த்தால் முட்டைப் பொரியல்தான், ருசியும் மெத்தென்று வெண்ணெய் மாதிரி. கருவாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். கடையில் தைரியமாகச் சாப்பிடலாம். தங்கியிருக்கும் வீட்டுத் தோட்டத்தில் காய்த்துத் தொங்குகிறதே என்று நீங்களாகப் பறித்து வேகவைக்காதீர்கள்.

கே: எங்கள் மகளும் மாப்பிள்ளையும் தேனிலவுக்கு ஒரு கரீபியன் தீவுக்குப் போயிருந்தார்கள். கடற்கரை ஓட்டலில் சாப்பாடு வர ஒன்றரை மணி நேரம். முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லையாம். நிறத்தைப் பார்த்து அவமதித்தார்களோ என்று மகளுக்கு வருத்தம். (வாசகி, மதுரை)

ப: மகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பின்னால் வந்த மேசைக்கு முன்னால் சாப்பாடு போனதா? போயிருந்தால் கோபப்படுவது நியாயம். போகவில்லை என்றால், ஒரே அடுப்பு, ஒரே ஆள், ஆர்டர் கொடுத்த பிறகே மீன் வெட்டுவது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்களும் அதே ஒன்றரை மணி நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் ரம் குடித்துக்கொண்டிருந்ததால் கணக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது: உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொன்னார்களா? இது முக்கியம். ஜமைக்கா, பார்படோஸ், ஆன்டிகுவா என்று எங்கே போனாலும் கடைக்குள், பஸ்ஸுக்குள், வங்கிக்குள் நுழைந்தவுடன் அங்கிருப்பவர்களுக்குப் பொதுவாகக் காலை வணக்கமோ மாலை வணக்கமோ சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சொல்லாமல் நேராக "மீன் இருக்கா?" என்று ஆரம்பித்தால் வளர்ப்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். முகம் இறுகிவிடும். நாம் கடைக்காரரிடம் வணக்கம் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. கப்பலிலிருந்து இறங்கும் பயணிகளில் பாதிப் பேர் இந்த ஒரு காரணத்தால் "ஊர்க்காரர்கள் கடுகடுப்பு" என்று திரும்பி வந்து என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். அவர் தேங்காய் விற்பவரில் தொடங்கி போலீஸ்காரர்வரை யாரையும் விடவில்லை. எங்களுக்குத் தட்டில் எப்போதும் ஒரு துண்டு கூடுதலாகவே விழுந்தது.

கே: அங்கே மிளகாய் நம் காரத்துக்கு ஈடாகுமா? (வாசகர், குண்டூரிலிருந்து ஒரு தமிழர்)

ப: குண்டூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கும் தைரியம் உங்களுக்குத்தான் வரும். ஸ்காட்ச் பானெட் என்ற மிளகாய், குட்டிக் குடமிளகாய் வடிவில் மஞ்சளாக, பார்க்கச் சாது. உறைப்பில் குண்டூர் மிளகாயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் அதற்குப் பழவாசனை உண்டு, அதற்காகத்தான் போடுகிறார்கள். பல வீடுகளில் கீறாமல் முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையும் முன் எடுத்துவிடுவார்கள். வாசனை இறங்கும், காரம் அடங்கும். போர்ட்லாந்து பகுதியில் பாஸ்டன் பே என்ற இடத்தில் ஜெர்க் கோழி, ஜெர்க் பன்றி சுடுகிறார்கள். அங்கே இந்த மிளகாயை அரைத்தே பூசுவார்கள். அடியில் எரிவது ஆல்ஸ்பைஸ் என்ற, மிளகு போன்ற வாசனை மணி காய்க்கும் மரத்தின் கட்டை. புகைக்காகவே அந்த மரம். அடிமைத்தனத்திலிருந்து காட்டுக்குள் தப்பியோடி வாழ்ந்த மரூன் மக்களின் சமையல் முறை அது. உங்களுக்குப் பிடிக்கும். தண்ணீர் குடிக்காதீர்கள், பொரித்த சோளமாவு உருண்டை பக்கத்திலேயே வைப்பார்கள், அதைக் கடியுங்கள்.

கே: பெலிக்கன் பார் தவிர இப்படிக் கிறுக்குத்தனமான கடைகள் வேறு உண்டா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: நிறைய, தம்பி. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் யோஸ்ட் வான் டைக் என்று ஒரு சின்னஞ்சிறு தீவு. அதன் வெள்ளை மணல் கடற்கரையில் சாகி டாலர், அதாவது நனைந்த டாலர், என்ற பார். படகுத்துறை கிடையாது. பாய்மரப் படகில் வருபவர்கள் நங்கூரம் போட்டுவிட்டு நீந்தித்தான் கரையேற வேண்டும். பையிலிருக்கும் நோட்டு நனைந்து சொதசொதவென்று வரும், வாங்கி கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார்கள். ரம், அன்னாசி, ஆரஞ்சு, தேங்காய்க்கூழ் கலந்து மேலே ஜாதிக்காய் துருவும் பெயின்கில்லர் என்ற பானம் பிறந்தது அங்கேதான்.

அங்குவில்லாவில் ஐலண்ட் ஹார்பர் கரைக்கு எதிரே சில்லி கே என்று ஒரு குட்டித் திட்டு. துறையில் நின்று கையை ஆட்டினால் அங்கிருந்து படகு வந்து ஏற்றிக்கொண்டு போகும், சிங்கி இறாலுக்குப் பேர்போன இடம். குராசாவோ தீவின் மேற்குக் கோடியில் யான்சீஸ் என்ற பழைய ஓட்டலில் மெனு கார்டு இல்லை, மேசைக்கு வந்து உட்கார்ந்து இன்று என்ன இருக்கிறது என்று வாயாலேயே சொல்வது வழக்கம். அந்தப் பட்டியலில் உடும்பு போன்ற இகுவானாவும் இருக்கும். சன்னலில் சர்க்கரை வைத்திருப்பார்கள், மஞ்சள் வயிற்றுக் குருவிகள் வந்து தின்னும்.

பார்படோஸில் ஆய்ஸ்டின்ஸ் மீன்பிடித் துறையில் வெள்ளிக்கிழமை ராத்திரி போ. திறந்தவெளிக் கடைகள் வரிசையாக, புகை, பாட்டு, ஆட்டம். பறக்கும் மீன் வாங்கிச் சாப்பிடு. உன் அப்பா நாகப்பட்டினம் காரைக்கால் பக்கம் என்று எழுதியிருக்கிறாய், கோலா மீன் என்றால் அவருக்குப் புரியும். அதையும் சோளமாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிளறிய களியையும் சேர்த்துத்தான் அந்த நாட்டின் தேசிய உணவு. நீளமான கூட்டத்துக்குப் பின்னால் போய் நில், வெறிச்சோடிய கடையில் உட்காராதே.

கே: அந்தத் தீவுகளில் தமிழர்கள் இருக்கிறார்களாமே. இட்லி, சாம்பார் கிடைக்குமா? (வாசகர், காரைக்கால்)

ப: இட்லி கிடைக்காது. ஆனால் காரைக்காலிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1848-இல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்பு வெட்ட ஆளில்லாமல் போயிற்று. அவர்கள் வசமிருந்த கரீபியன் தீவுகளில் 1853-இல் மார்த்தினிக்குக்கும், 1854-இல் குவாதலூப்புக்கும் இந்தியாவிலிருந்து முதல் கப்பல்கள் போயின. உங்கள் ஊரிலும் பாண்டிச்சேரியிலும் ஏறியவர்கள் ஏராளம். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள், பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பலர் திரும்பவில்லை. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். ஆனால் கடைப் பலகையில் ராமசாமி, முத்துசாமி, வீராசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பார்க்கலாம். குவாதலூப்பில் கபெஸ்தேர் என்ற ஊரின் ஷாங்கி கோயிலுக்குக் கோபுரம் உண்டு. மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள், மதுரை வீரனைக் கும்பிடுகிறார்கள், நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கொலம்போ என்று ஒரு குழம்பு, இரண்டு தீவுகளிலும் எல்லா இனத்தாரும் சமைப்பது. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு. சிலர் வறுத்த அரிசியும் சேர்த்துப் பொடிக்கிறார்கள். ஆட்டுக்கறிக் கொலம்போ விசேஷம். கோயில் பூசை முடிந்த பிறகு அதையே இலையில் சோற்றோடு பரிமாறுவார்கள். சாலையோரத்தில் ஒரு வீட்டு முன்திண்ணையில் அப்படியொரு கடை. எழுதி ஒட்டியது ஒன்றுமில்லை, மதியம் பானை காலியானால் கதவைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் போனபோது பானை பாதி. மூடியைத் திறந்ததும் வீட்டுக்காரம்மா மூக்கை நீட்டினார். "வெந்தயம் தூக்கல். பெருங்காயம் இல்லை. தைம் எதுக்கு இதுல?" என்றார். பிறகு இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறிய பெண்மணி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். தன் பாட்டியின் படத்தை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார், மூக்குத்தி போட்ட படம். காசு வாங்கிக்கொண்டார், அதில் தள்ளுபடி எதுவும் இல்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஜமைக்கா விஷயம் வேறு. அங்கே 1845 மே 10-இல் ஓல்ட் ஹார்பர் பே என்ற இடத்தில் வந்திறங்கிய முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. எனவே அங்கத்திய ஆட்டுக்கறிக் குழம்பின் பூர்வீகம் வடக்கு.

கே: மீன் விஷயத்தில் பயப்பட ஏதாவது உண்டா? (மருத்துவத் தொழிலில் உள்ள வாசகி, வேலூர்)

ப: உண்டு டாக்டர், உங்களுக்குத் தெரியாததில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பாரகுடாவைத் தவிர்க்கவும். சென்னை மார்க்கெட்டில் ஷீலா என்று விற்பதன் பெரிய உறவு. பவளப்பாறைப் பாசியில் உள்ள ஒரு நஞ்சு சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, இதில் சேர்ந்துவிடும். சிகுவாடெரா என்பார்கள். வேகவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் போகாது, வாசனையிலும் தெரியாது. வயிற்றுப்போக்கு, உதட்டில் மரமரப்பு, குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுடுவதுபோல் இருக்கும். பெரிய பாறைமீனைவிடத் தட்டளவு மீன் நல்லது. சிங்கி இறால் ஜமைக்காவில் ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் "புதுசு சார்" என்று யாராவது நீட்டினால், ஒன்று பழசு, இல்லையென்றால் திருட்டு.

கே: விலை எப்படி? (வாசகர், ஈரோடு)

ப: உட்காரும் முன் விலையைக் கேளுங்கள், எந்த டாலர் என்றும் கேளுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 150, 160 ஜமைக்கா டாலர். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். பயணச் செலவைச் சொன்னால் ஈரோட்டில் எனக்கு நல்ல பெயர் மிஞ்சாது. நம்மூரிலிருந்து நேர் விமானம் கிடையாது, பெரும்பாலும் லண்டன் வழியோ அமெரிக்கா வழியோ போக வேண்டும். அந்த நாடுகளின் இடைவழி விசாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: அந்த வினிகர் மீனை வீட்டில் செய்ய முடியுமா? (வாசகி, திருவொற்றியூர்)

ப: தாராளமாக. எஸ்கோவிச் என்று பெயர். சங்கராவை முழுசாக வாங்கி, பக்கவாட்டில் கீறி, உப்பும் மிளகும் தடவி, மாவு எதுவும் போடாமல் மொறுமொறுவென்று பொரித்துத் தட்டில் அடுக்குங்கள். மசாலா பூசாதீர்கள், கை துறுதுறுக்கும், பூசாதீர்கள். இன்னொரு பாத்திரத்தில் வெள்ளை வினிகர், வட்டமாக நறுக்கிய வெங்காயம், மெல்லிய கேரட் குச்சிகள், கீறிய பச்சைமிளகாய், பத்து ஆல்ஸ்பைஸ் மணிகள், கொஞ்சம் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். ஆல்ஸ்பைஸ் கிடைக்காவிட்டால் நாலு மிளகு, இரண்டு கிராம்பு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும் முன்பே, லேசாக வளைந்ததும் இறக்கி, சூடாக மீன்மேல் கொட்டுங்கள். அரை மணி நேரமாவது ஊற வேண்டும். ராத்திரி செய்து காலையில் சாப்பிடுபவர்கள் அங்கே அதிகம், அதுதான் ருசியும். பாமிக்குப் பதில் மரவள்ளி அடை தட்டிக்கொள்ளுங்கள். வினிகரைப் பாதி ஊற்றிவிட்டு மீதிக்குப் புளி கரைத்தேன் என்று மட்டும் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.